நாயின் கண்ணில் வெள்ளை: லென்ஸ் மாற்றலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு 9 வயது. இரண்டு கண்ணும் பால் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலும் போய் முட்டிக்கொள்கிறது. மனிதர்களுக்குச் செய்வதுபோல லென்ஸ் மாற்ற முடியுமா, சொட்டு மருந்து போதுமா?

பதில்: மாற்ற முடியும். சொட்டு மருந்தில் கண்புரை கரையாது, அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், புரை முற்ற முற்ற கண்ணுக்குள் அழற்சி வந்து அறுவை சிகிச்சையே சிக்கலாகிவிடும். சரி, முதலில் அது புரைதானா? வயதான நாய்களுக்கு லென்ஸின் நடுப்பகுதி இறுகி நீலச் சாம்பலாகத் தெரியும், அதில் பார்வை பெரிதாகக் குறையாது. உங்கள் நாய் முட்டிக்கொள்வதால் புரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது இருந்தால் புரை மளமளவென்று வளரும்.

விழித்திரை வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். அது கெட்டிருந்தால் புது லென்ஸால் பயனில்லை. முழு மயக்கம் கொடுத்து, சிறு கீறல் வழியாக அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி, பழைய லென்ஸின் உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துவார்கள். மனிதருக்கு வைக்கும் லென்ஸின் திறன் பெரும்பாலும் 20 டயாப்டரைச் (லென்ஸ் திறனை அளக்கும் அலகு) சுற்றி இருக்கும், நாய்க்கோ சுமார் 41, அதனால் அதற்கென்றே செய்த லென்ஸ்தான் வேண்டும். லென்ஸ் பொருத்த முடியாமல் போனாலும் புரையை எடுத்தாலே நடமாடும், ஆனால் பார்வை மங்கலாகவே இருக்கும், கிட்டத்தில் இருப்பது இன்னும் மங்கலாகத் தெரியும்.

அப்புறம் உங்கள் வேலை. கண்ணைச் சொறிந்துவிடாதபடி நாயின் கழுத்தில் கூம்பு, தினமும் பல தடவை சொட்டு, வாரக்கணக்கில். கண் சிவந்து, இடுக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள், கண் அழுத்தம் ஏறியிருக்கலாம்.