குழுவில் இருக்கவும் முடியவில்லை, விலகவும் மனமில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 47. சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரை தினம் ஒன்று மட்டும். சிகிச்சையின்போது தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். வீட்டில் சொல்ல முடியாததை அங்கேதான் கொட்டினேன். இப்போது நானும் ஓர் அட்மின். புதிதாக வருபவர்கள் நள்ளிரவிலும் தனியாக எழுதுகிறார்கள். உடல் கொதித்து விழித்தால் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. பதில் போடாவிட்டால் குற்ற உணர்ச்சி.

போன மாதம் குழுத் தோழி ஒருவருக்கு நோய் நுரையீரலில் திரும்பிவிட்டது. அவருக்கு டிரிப்பிள் நெகட்டிவ், ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை; எனக்கு ஈஆர் பாசிட்டிவ், ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை. வேறு என்று தெரிந்தும், லேசாக இருமினாலே தூக்கம் போய்விடுகிறது. இன்னொருவர் முள்சீத்தா இலைக் கஷாயமும் மஞ்சள் மாத்திரையும் எடுக்கச் சொல்கிறார். "எல்லாவற்றையும் விட்டுவிடு" என்கிறார் கணவர். விட்டுவிடவா?

ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குழுவை இப்போதைக்கு விட வேண்டாம். அட்மின் பொறுப்பை மட்டும் இறக்கி வையுங்கள். உதவி பெற வந்த இடத்தில் நீங்கள் இரவுப் பணி பார்க்கிறீர்கள். களைப்பு அங்கிருந்துதான் வருகிறது. இன்னும் இரண்டு பேரையாவது அட்மினாக்கிவிட்டு, "இரவு 9 மணிக்குமேல் நான் பார்ப்பதில்லை" என்று ஒருமுறை எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. குழுவை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிட்டு, பகலில் அரை மணி நேரம் மட்டும் திறந்து பாருங்கள். கைப்பேசி கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். உடல் கொதிப்பது தமொக்சிஃபெனின் வேலை, அது வரத்தான் செய்யும். மின்விசிறி, பருத்தித் துணி, ஒரு வாய் குளிர்ந்த நீர் என்று சமாளித்தால் பெரும்பாலும் மறுபடி கண்ணயரலாம். அந்த நேரத்தில் திரையில் இன்னொருவரின் ஸ்கேன் முடிவைப் பார்த்தால் எப்படி உறங்குவது?

நள்ளிரவில் ஒருவர் "வாழப் பிடிக்கவில்லை" என்று எழுதினால்? அது உங்கள் ஒருவர் தோளில் விழக்கூடாது. 24 மணி நேரமும் இயங்கும் 1767 என்ற சிங்கப்பூர் சமாரித்தர்கள் (தற்கொலைத் தடுப்பு அமைப்பு) எண்ணையும், உயிருக்கு ஆபத்தென்றால் அழைக்க 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையும் குழுவின் அறிமுகக் குறிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இனி, தோழி. உங்களுக்குள் இருப்பது இரண்டு: அவருக்காகப் படும் துக்கம், உங்களைப் பற்றிய பயம். துக்கத்துக்கு அவரிடம் பேசுவதே மருந்து. "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "வெள்ளிக்கிழமை ரசமும் சோறும் கொண்டு வரட்டுமா?" என்று கேளுங்கள்.

பயத்துக்கு வேறு வழி. அவர் கட்டியின் போக்கை வைத்து உங்களுடையதைக் கணிக்க முடியாது. டிரிப்பிள் நெகட்டிவ் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். ஈஆர் பாசிட்டிவ் வகையில் அபாயம் சிறிது சிறிதாக நீண்ட காலத்துக்குப் பரவியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை மாத்திரை. புதிய வலியோ இருமலோ வந்தால் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரை அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இம்மாத்திரையால் ரத்தம் உறையலாம். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு கண்டாலும் உடனே சொல்லிவிட வேண்டும். இவற்றைக் குழுவில் கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

அறுவைக்குப் பின் நீர் வடியப் பொருத்தும் பையைச் சட்டைக்குள் எப்படி மறைப்பது, கீமோவின்போது எந்தச் சாப்பாடு இறங்கும் போன்றவற்றை அனுபவப்பட்டவர்கள் அளவுக்கு வேறு யாரும் சொல்லிவிட முடியாது. மருந்து விஷயம் அப்படியல்ல. குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை. ஆனால் மஞ்சளின் சாரமான குர்குமின் மாத்திரை தமொக்சிஃபெனின் செயல்படும் வடிவத்தை ரத்தத்தில் குறைக்கக்கூடும். முள்சீத்தா மனிதர்களில் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை. சொன்னவர் அன்பால்தான் சொல்லியிருப்பார். சண்டை வேண்டாம், "மருந்தாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும்.

உங்கள் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைக் கேட்டால் நேரில் பேச ஏற்பாடு செய்வார். 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கத்திலும் ஆலோசனையும் ஆதரவுக் குழுக்களும் உண்டு. நான்கு வாரம் இப்படி இருந்து பார்த்தும் குழுவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தால், விலகிவிடுங்கள். அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டுமே போகும்.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ பலதுறை மருந்தகத்துக்குப் போனால், தமொக்சிஃபென் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் போன்ற சில மனநல மருந்துகள் அதன் வேலையைத் தடுக்கும். வேறு மருந்து தர மருத்துவருக்கு வழியுண்டு.