லாட்ஜ் அறை டிவியில் ஆபாசப் படம்: வழக்கு யார் மேல் வரும்?

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் 12 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் குடும்பங்களும், முகூர்த்த நாளில் வரும் கல்யாணக் கோஷ்டிகளும்தான் எங்கள் பிழைப்பு. போன வருடம் எல்லா அறையிலும் ஸ்மார்ட் டிவி மாட்டினேன். எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு வந்த நான்கு பையன்கள் (எல்லோரும் 20 வயதைத் தாண்டியவர்கள், ஆதார் நகல் இருக்கிறது) இரவில் மொபைலில் இருந்து ஆபாசப் படத்தை அறை டிவியில் போடப் பார்த்திருக்கிறார்கள். அது அவர்கள் டிவியில் ஓடாமல் மூன்று அறை தள்ளித் தங்கியிருந்த சேலத்துக் குடும்பத்தின் டிவியில் ஓடிவிட்டது. அங்கே 10 வயதுப் பெண் குழந்தை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூம் பாய் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஊருக்குப் போன பிறகு குழந்தையின் அப்பா, “போக்சோவில் உள்ளே தள்ளாமல் விடமாட்டேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பையன்களின் முகவரியையும் கேட்கிறார்.

இதற்கு மேல் இன்னொன்று. மறுநாள் காலையில் பையன்கள் இருந்த அறையில் டிவியைப் போட்டால், திரை முழுக்க அசோகச் சின்னம். “தடை செய்யப்பட்ட தளத்தைப் பார்த்ததால் 29,000 ரூபாய் அபராதம், ஆறு மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் கைது” என்று க்யூஆர் கோடுடன் வந்தது. என் மகன் பயந்துபோய் 5,000 ரூபாய் அனுப்பிவிட்டான். தேடிப் பார்த்ததில் வேறு இரண்டு அறை டிவிகளில் பெயர் தெரியாத ஆப்கள் இருக்கின்றன. யார் ஏற்றியது என்று தெரியவில்லை. நான் ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா? டிவிகளையெல்லாம் கழற்றி விற்றுவிடலாமா?

பதில்: முதலில் அந்த 5,000 ரூபாய். இதைப் படித்த கையோடு 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். பணம் போன வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லும் வசதி அங்கே உண்டு. ஒரு வாரம் ஆகிவிட்டதால் பணம் திரும்புவது சந்தேகம்தான், ஆனாலும் புகார் பதிவாகியிருக்க வேண்டும். நம் நாட்டில் எந்தப் போலீஸும், எந்த அமைச்சகமும் டிவித் திரையில் க்யூஆர் கோடு காட்டி அபராதம் வசூலிப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான குற்றத்தை விசாரிக்கவே இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 78-வது பிரிவு. தண்டனையாக அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. டிவியில் உள்ள பிரவுசரில் ஆபாசத் தளங்களைத் திறந்தால், அங்கிருக்கும் விளம்பரங்கள் வழியாக இப்படிப்பட்ட போலிப் பக்கங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் வந்தால் மூடத் தெரிகிற நமக்கு, ரிமோட்டை வைத்துக்கொண்டு எதை அழுத்துவது என்று தெரியாமல் கை நடுங்கிவிடுகிறது. அதைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். உங்கள் மகனைத் திட்டாதீர்கள். படித்த ஆட்களே இதில் விழுகிறார்கள்.

அந்தப் பக்கம் பொய் என்று எப்படிச் சொல்கிறேன்? அபராதம் போடும் அளவுக்கு அந்தப் பையன்கள் செய்தது குற்றமா என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வயது வந்த ஒருவர், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு நடித்த ஆபாசப் படத்தை மூடிய அறைக்குள் பார்ப்பதைக் குற்றம் என்று சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வெளியிடுவதையும் அனுப்புவதையும்தான் தண்டிக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-வது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 292) விற்பது, வாடகைக்கு விடுவது, பிறருக்குக் காட்டுவது, சுற்றுக்கு விடுவது ஆகியவற்றைப் பேசுகிறது. தெருவோரம் நின்று மொபைலில் தனியாகப் பார்த்த ஓர் இளைஞர் மேல் போட்ட வழக்கை 2023 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வேறு யாருக்கும் காட்டாமல் பார்த்தது 292-ல் வராது என்று சொன்னது. நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2025 மார்ச்சில், மனைவி தனிமையில் ஆபாசப் படம் பார்ப்பதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்ட கணவரின் மேல்முறையீட்டில், தனியாகப் பார்ப்பது மட்டுமே கொடுமை ஆகாது என்றது. ஆனால் துணைவரையும் கூடப் பார்க்கக் கட்டாயப்படுத்தினால் அது கொடுமை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டமும் மதுரைக் கிளைக்குக் கீழேதான் வருகிறது.

ஆக, பிரச்சினை பார்த்ததில் இல்லை. படம் அவர்கள் சுவரைத் தாண்டி இன்னொருவர் அறைக்குள் போனதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. கேசட் போட்ட பெட்டியில்தான் படம் ஓடும். இப்போது மொபைலில் ஓடுவதை டிவிக்கு அனுப்பும் காஸ்ட் பொத்தானைத் தொட்டால் அந்த வைஃபையில் இருக்கிற டிவிகளின் பெயர்ப் பட்டியல் வரும். நீங்கள் ஒரே கம்பெனியில் 12 டிவி வாங்கியிருப்பீர்கள். 12-க்கும் ஒரே மாதிரிப் பெயர் இருக்கும். பையன்கள் எதையோ தொட்டார்கள், படம் குழந்தையின் முன்னால் போய் நின்றது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவு, குழந்தைக்கு எந்த வடிவத்திலும் ஆபாச நோக்கில் எதையாவது காட்டுவதைப் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. 12-வது பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அந்தப் பிரிவின் ஆரம்பமே ‘பாலியல் நோக்கத்துடன்’ என்றுதான் இருக்கிறது. கை தவறி வேறு டிவிக்குப் போனதில் அந்த நோக்கம் இல்லை. குழந்தையின் அம்மாவும் அறையில் இருந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 75-வது பிரிவையும் இழுப்பார்கள். பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படம் காட்டுவது அதில் வருகிறது. அங்கேயும் காட்ட வேண்டும் என்று செய்த செயலா என்பதே கேள்வி. ஒரு எச்சரிக்கை: போக்சோவின் 30-வது பிரிவுப்படி குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. அதனால் தவறுதலாக நடந்தது என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, சான்று வேண்டும். ஓடிப்போய் சுவிட்சை அணைத்த நேரம், தாழ்வாரக் கேமரா பதிவு, டிவிகளின் ஒரே மாதிரிப் பெயர்கள், இவையெல்லாம் இப்போது உங்களிடம்தான் இருக்கின்றன.

எனவே எந்த டிவியையும் ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். நல்லெண்ணத்தில் அழித்தாலும் சாட்சியத்தை மறைத்தார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-வது பிரிவைக் காட்டி எதிராளி பேசுவார். காஸ்ட் பட்டியலை அப்படியே மொபைலில் படம் எடுத்து வையுங்கள். அந்த இரவின் கேமரா பதிவு தானாக அழிவதற்குள் தனியாகப் பிரதி எடுங்கள். கோர்ட்டில் அது செல்ல, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பிரதி எடுக்கும் கேமராக் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்தால் பிறகு அலைய வேண்டாம்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். போக்சோவின் 20-வது பிரிவு ஓட்டல், லாட்ஜ் என்று பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையைப் பாலியலாகச் சுரண்டும் எந்தப் படமோ பொருளோ கண்ணில் பட்டால் லாட்ஜ்காரர்கள் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர், தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை போகும். பையன்கள் ஓட்டிய படத்தில் இருந்தவர்கள் பெரியவர்கள் என்றால் 20-வது பிரிவு வராது. ஆனாலும் என் யோசனை இதுதான்: நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதி, நீங்களே கும்பகோணம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கிவிடுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மேல் உரிமையியல், குற்றவியல் பொறுப்பு எதுவும் வராது என்று 19-வது பிரிவே சொல்கிறது. “போலீஸுக்குப் போனால் லாட்ஜ் பெயர் கெடும்” என்று தோன்றும். சேலத்துக்காரர் முதலில் போனால் இன்னும் கெடும்.

குழந்தைகள் இருக்கும் ஆபாசப் படம் என்றால் நான் மேலே சொன்ன தனிமை, நான்கு சுவர் எதுவும் உதவாது. தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். வைத்திருந்தால் மட்டும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பழைய செய்தியை மட்டும் படித்துவிட்டுத் தைரியமாகப் பேசும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டு அறை ஆப்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு நிஜமான ஆபத்து அங்கேதான். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து டிவியில் ஏற்ற முடியும். 2025 ஜூலையில் மத்திய அரசு 25 ஓடிடி ஆப்களையும் தளங்களையும் முடக்கச் சொன்ன பிறகு அதன் போலிகள் இப்படித்தான் சுற்றுகின்றன என்று நினைக்கிறேன். தங்கியவர் ஏற்றிவிட்டுப் போனார் என்றால் அது அவர் பாடு. உங்கள் ஆள் யாராவது டிப்ஸுக்கு ஆசைப்பட்டு ஏற்றிக்கொடுத்தார் என்றால் கதையே மாறிவிடும். அப்போது லாட்ஜ் படம் காட்டும் இடமாகிவிடும். 294-வது பிரிவில் முதல் முறை இரண்டாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அந்த அறையில் அடுத்துத் தங்கிப் படத்தைப் பார்ப்பது ஒரு குழந்தையாக இருந்தால் 295-வது பிரிவு, மூன்றாண்டு வரை. ஊழியர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து நேராகக் கேளுங்கள். அந்த ஆப்களைத் திறக்காமல் படம் எடுத்து வைத்துவிட்டு, மனு ரசீது கைக்கு வந்த பிறகு நீக்குங்கள்.

சேலத்துக்காரருக்குப் பையன்களின் முகவரியோ ஆதார் நகலோ கொடுக்கவே கூடாது. போலீஸ் எழுத்தில் கேட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-வது பிரிவுப்படி, கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கோபம் நியாயமானது. என் குழந்தையாக இருந்தால் நானும் இப்படித்தான் கத்தியிருப்பேன். வாடகையைத் திருப்பிக் கொடுங்கள், வருத்தம் தெரிவித்து எழுதுங்கள். ஆனால் “கேஸ் போடாதீர்கள், இவ்வளவு தருகிறேன்” என்று ஒரு வரிகூட வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. நீங்கள் போடும் அந்த ஒரு வரிதான் அப்புறம் கோர்ட்டில் முதல் ஆவணமாக வந்து நிற்கும்.

உங்கள் மேல் கிரிமினல் வழக்கு நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. படத்தை அனுப்பியது நீங்கள் இல்லை. ஆனால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று அவர் போனால் பதில் சொல்வது கஷ்டம். குடும்பங்கள் தங்கும் இடத்தில் எந்த அறையில் இருந்தும் எந்த டிவியையும் இயக்கலாம் என்று விட்டுவைத்தது கவனக்குறைவுதான். அவருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

டிவியைக் கழற்ற வேண்டாம். படங்களும் பதிவுகளும் எடுத்து முடித்த பிறகு, வைஃபை போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டு ‘ஏபி ஐசொலேஷன்’ போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்த வைஃபையில் ஒரு அறை மொபைல் இன்னொரு அறை டிவியைப் பார்க்காது. சொந்த அறை டிவிக்கும் காஸ்ட் ஆகாது, அது நல்லதுதான். ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது. காசு கிடையாது. டிவியில் தெரியாத ஆப் ஏற்றும் அனுமதியை அணைத்து, செட்டிங்ஸுக்கு ஒரு பின் நம்பர் போடுங்கள். ஓடிடி ஆப்களில் 13 வயதுக்கு மேற்பட்ட படங்களுக்குப் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும் என்று 2021 விதிகளே சொல்கின்றன, அதையும் இயக்கி வையுங்கள். விருந்தினர் தன் சொந்த மொபைலில் சொந்த டேட்டாவில் எதைப் பார்க்கிறார் என்று எட்டிப்பார்க்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். கேமரா உள்ள டிவி ஏதாவது ஒரு அறையில் இருந்தால் மட்டும் அதை இன்றே வரவேற்பறைக்கு மாற்றுங்கள். அறைக்குள் கேமரா என்றாலே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77 என்று அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது பற்றிய வேறு பிரிவுகள் வந்து நிற்கும்.

அப்புறம் அந்த ரூம் பாய். ஆப் விஷயத்தில் அவர் மேல் தவறில்லை என்று தெரிந்தால், கோபத்தில் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். எத்தனை நிமிடம் படம் ஓடியது, குழந்தை எங்கே உட்கார்ந்திருந்தாள், பையன்கள் என்ன சொன்னார்கள் என்று உங்கள் தரப்பில் நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நினைவு மங்குவதற்குள் அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லித் தேதி போட்டு வாங்கி வையுங்கள்.