பின் சீட்டை விடுங்கள், கிளட்ச்சை விடாதீர்கள்

மன்னார்குடி வாசகர்: ரைஸ் மில் நடத்துகிறேன். போர்ஷே 911 கரேரா டி (T) வாங்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. வண்டி இங்கே வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று சென்னை டீலரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரியானால் ஆப்ஷன் பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கிறேன். சன்ரூஃப், உயர்ந்த ரக ஸ்பீக்கர், எல்லாப் பக்கமும் மோட்டாரில் நகரும் சீட், செராமிக் பிரேக் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: மன்னிக்கணும் ஐயா, உங்கள் பட்டியலில் பாதி இந்தக் காருக்கே விரோதம். சொகுசு வேண்டுமென்றால் சாதாரண கரேராவே போதும். டி என்பது எடையைக் கழித்து ஓட்டுபவர் கையில் கொடுத்த வண்டி.

இந்தப் பெயர் பழசு. 1968 மாடல் 911 டி-யில் 110 குதிரைசக்திதான். அந்த வருடம் மான்டி கார்லோ ரேலி கார் பந்தயத்தில் விக் எல்ஃபோர்ட் என்ற ஓட்டுநர் ஜெயித்தது 911 டி-யில்தான். அரை நூற்றாண்டு கழித்து, 2017 கடைசியில் போர்ஷே அந்தப் பெயரை மறுபடி எடுத்தது. துபாய் ஒர்க்‌ஷாப்பில் நான் வேலை பார்த்தபோது அப்படி ஒரு வண்டி சர்வீஸுக்கு வந்தது. உள்ளிருந்து கதவைத் திறக்கப் பிடியே கிடையாது, ஒரு துணி நாடா. அதைப் பிடித்து இழுத்தால் கதவு திறக்கும். பின்னால் சீட் இருக்க வேண்டிய இடத்தில் கார்ப்பெட் மட்டும். கண்ணாடி மெல்லிசு, சத்தம் தடுக்கும் பஞ்சும் குறைவு. சாவி போட்டதும் இன்ஜின் முதுகுக்குப் பின்னால் உறுமுவது அப்படியே காதில் விழும். அதற்காகத்தானே இந்த வண்டி!

2024 அக்டோபரில் வெளியிட்ட இப்போதைய டி-யில் 3 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜின், 394 குதிரைசக்தி, எடை 1,478 கிலோ. ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கிடையவே கிடையாது. கியர் லீவரின் தலை வால்நட் மரம். பின் சக்கரமும் சேர்ந்து திரும்பும் ஸ்டீரிங், 10 மி.மீ. தாழ்ந்த சஸ்பென்ஷன் இரண்டும் கூடவே வருகின்றன. நீங்கள் காசு கொடுத்துச் சேர்க்க நினைக்கும் நல்ல விஷயம் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

முதலில் சன்ரூஃபை எடுங்கள். கண்ணாடி, மோட்டார், தண்டவாளம் எல்லாம் வண்டியின் உச்சந்தலையில் உட்காரும் எடை. வளைவில் வண்டி சாய்வது அதனால்தான் கூடும். சித்திரை வெயிலில் மன்னார்குடியில் அதை யார் திறக்கப் போகிறார்கள்?

ஸ்பீக்கரும் வேண்டாம். செராமிக் பிரேக் இரும்பு டிஸ்க்கில் சுமார் பாதி எடைதான், நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பலம் சூட்டைத் தாங்குவது. ரேஸ் டிராக்கில் திரும்பத் திரும்ப அழுத்துபவருக்கு அது வேண்டும். தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே மலையேது, இறக்கமேது? அந்தப் பணத்தை டயருக்கு வையுங்கள்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். முன்னால் 245/35 அளவு, 20 அங்குல ரிம். பின்னால் 305/30, 21 அங்குலம். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே முன்பக்கம் நிற்கும் ரப்பர், 245 மி.மீ. அகலத்தில் 35 சதவீதம், சுமார் 86 மி.மீ. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது தார் உட்கார்ந்து சிமென்ட் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்குமே, அதில் வேகமாக மோதினால் டயரின் பக்கவாட்டு கிழியும், ரிம்மும் வளையும். ஸ்டெப்னி கிடையாது, ஓட்டை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் பம்ப்பும்தான் தருவார்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது. அந்த அளவு டயர் மன்னார்குடிக் கடையில் தொங்காது. வண்டியோடு சேர்த்தே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வாங்கி மில்லில் வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று, மூக்கைத் தூக்கும் லிஃப்ட். பட்டனை அழுத்தினால் முன்பக்கம் சுமார் 40 மி.மீ. உயரும். தூக்கிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் ஞாபகம் வைத்து, அடுத்த முறை தானே தூக்கும். எடைதான், ஆனால் நம் ஊர் வேகத்தடைக்கு இந்த எடை நியாயம். உங்கள் வண்டிக்கு அது உண்டா என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

இன்னொன்று, எந்தக் கேட்டலாக்கிலும் இல்லாதது. சம்பா அறுவடையில் ரோட்டில் வைக்கோல் காயும், பிறகு உளுந்துச் செடியைப் பரப்பி வண்டிகள் ஏற விடுவார்கள். போன அறுவடை சமயம் ஒரு தாழ்வான காரை என் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினேன். சைலன்சர் குழாய்க்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் வைக்கோல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒரு முனை கருகி, தொட்டால் பொடிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும். 911-க்கு இன்ஜின், சைலன்சர் எல்லாமே பின்பக்கம் அடியில். ஆகவே தை, மாசியில் கரை ரோடு வேண்டாம். கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி போகும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் கிளம்புங்கள். வைக்கோலைத் தாண்ட நேர்ந்தால் வீடு வந்ததும் டார்ச் அடித்து அடியில் பாருங்கள்.

அதே வாசகரின் துணைக்கேள்வி: ஒரே துண்டாக வரும் பக்கெட் சீட் போடலாமா?

பதில்: எடை குறையும், உடம்பைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் முதுகு சாயாது, ஓர விளிம்பு உயரம். மில்லுக்கு வேட்டியில் போகிறவர் நீங்கள். ஷோரூமுக்கும் வேட்டியிலேயே போய் ஏறி இறங்கிப் பாருங்கள். சிரமமென்றால் கூடவே வரும் ஸ்போர்ட்ஸ் சீட்டே போதும்.

சீர்காழி வாசகி: என் கணவரும் இதே காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பின் சீட் இல்லாமல் எப்படி?

பதில்: கேட்டால் கூடுதல் விலை இல்லாமலே பின் சீட் போட்டுத் தருவார்கள். சிறு பிள்ளைகள் உட்காரலாம், வளர்ந்த பிறகு கால் மடங்காது. வீட்டில் வேறு கார் இருந்தால் அவர் ஆசைப்படி சீட் இல்லாமலே எடுக்கட்டும். இது ஒன்றுதான் கார் என்றால் சீட்டைப் போடுங்கள், அம்மா. இதில் கணவர் பக்கம் நான் பேச மாட்டேன்.

திருவாரூர் கல்லூரி மாணவர்: என்னிடம் இவ்வளவு பணம் இல்லை. கார் ஓட்டுவதில் அந்தச் சுகம் எனக்குக் கிடைக்காதா அண்ணா?

பதில்: கிடைக்கும் தம்பி. 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட் மேனுவல் சுமார் 920 கிலோதான், 911 டி-யை விட ஐந்நூறு கிலோவுக்கு மேல் குறைவு. ஸ்டீரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புவது அந்த எடையால்தான். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ போதும், மேல் மாடலுக்கு ஏங்காதே. மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடு. பெரிய அலாய் சக்கரம் மாட்டச் சொல்லி நண்பர்கள் உசுப்புவார்கள். கடைக்காரரிடம் தராசு கேட்டு, பழைய சக்கரத்தையும் புதியதையும் டயரோடு நிறுத்துப் பார். புதியது கனமாக இருந்தால் மாட்டாதே. சஸ்பென்ஷனுக்குக் கீழே சுழலும் ஒவ்வொரு கிலோவும் பிக்கப், பிரேக், குலுங்கல் மூன்றையும் கெடுக்கும்.