தம்பியின் பெயரைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பி மூன்று வருடங்களுக்கு முன்னால் இறந்தான். வயது 26. காய்ச்சல் என்று படுத்தான், அப்புறம் மூளைக்காய்ச்சல் என்றார்கள், இரண்டே வாரத்தில் போய்விட்டான். ஊரிலிருந்து முன்பே சென்னைக்கு என்னிடம் வரவழைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று தினமும் தோன்றுகிறது. அம்மா அழுவார் என்று வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. போன வாரம் என் நாலு வயது மகன் அவன் படத்தைக் காட்டி "இது யாரு?" என்றான். பேச்சை மாற்றிவிட்டேன். எப்படி அவனை நினைவில் வைத்துக்கொள்வது?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

பையனிடம் இன்றைக்கே சொல்லுங்கள், இது உன் மாமா என்று, பெயரையும் சேர்த்து. எங்கே என்று கேட்டால் இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் குழந்தை காத்துக்கொண்டிருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஜானகி அம்மாள் ஞாபகம்தான் வந்தது, கணிதமேதை ராமானுஜனின் மனைவி. 1920 ஏப்ரல் 26 அன்று ராமானுஜன் இறந்தபோது அவருக்கு வயது 32, ஜானகிக்கு இருபதை ஒட்டிய வயது. 1909இலேயே கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் அப்போது அவர் சின்னப் பெண், பிறகு 1914இல் கணவர் கப்பலேறி ஐந்து வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டார், ஆக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த காலமே கொஞ்சம், அதிலும் கடைசி ஒரு வருடம் முழுக்க நோய். அதற்கப்புறம் 1994 வரை அந்த அம்மா இருந்தார், பெரும்பாலும் திருவல்லிக்கேணியில், தையல் வேலை செய்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து.

தேடி வந்தவர்களிடம் அவர் சொன்னவை சின்னச் சின்ன விஷயங்கள். வலி வரும்போது வெந்நீரில் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்தது, கணவர் படுத்தபடியே கணக்குப் போட்டது, அந்தத் தாள்களை எடுத்து வைத்தது. ராமானுஜனின் கடைசிக் காலக் கணக்குகள் 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன, இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். ஒத்தடத்தை ஜானகி சொல்லியிருக்காவிட்டால் வேறு யார் சொல்லியிருப்பார்கள்? உங்கள் தம்பி விஷயத்திலும் அப்படித்தான். அக்காவுக்கு மட்டும் தெரிந்தது அக்கா சொன்னால்தான் உண்டு.

அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சி. நீ கூட வந்திருந்தால் எனக்கு உடம்பு கெட்டிருக்காது என்று ராமானுஜன் சொன்னதாக ஜானகியே நினைவுகூர்ந்திருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார், நினைத்தாலே மனசு கனக்கிறது. ஆனால் அன்று டாக்டர்கள் காசநோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல்தான் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. டாக்டர்களுக்கே பிடிபடாததற்கு மனைவி என்ன செய்திருக்க முடியும்? உங்கள் தம்பியின் காய்ச்சலும் முதலில் வெறும் காய்ச்சலாகத்தானே தெரிந்தது. நான் சொல்லி இந்த எண்ணம் போய்விடாது, தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் அதற்கு முந்தைய 26 வருடத்தை யார் நினைப்பது?

அம்மா அழுவார். அழட்டும், பக்கத்தில் இருங்கள். பெயரைச் சொல்லாததால் அவர் மறந்துவிட்டாரா என்ன? அவனுக்குப் பிடித்ததைச் சமைக்கிற அன்று, இதில் அவனுக்குக் காரம் தூக்கலாக வேண்டுமாம்மா என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வரும். நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்றும் இல்லை. ரிமோட்டுக்குப் போட்ட சண்டை, வாங்கித் திருப்பித் தராத பணம் எல்லாம் பேசுங்கள், அவன் அவனாகவே இருக்கட்டும்.

மூன்று வருடம் ஆச்சே, இன்னும் என்ன என்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். கணவர் இறந்து அறுபது வருடம் கழித்து, சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று ஜானகி ஒரு பத்திரிகையிடம் கேட்டார். ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் முன்நின்று, பல நாட்டுக் கணித அறிஞர்கள் பணம் போட்டு, பால் கிரான்லண்ட் என்ற சிற்பி மார்பளவுச் சிலை செய்து அந்த அம்மாவிடமே வந்து சேர்ந்தது.

தம்பியின் வாய்ஸ் மெசேஜ் எதுவும் பழைய போனில் இருந்தால் இப்போதே இன்னொரு இடத்திலும் எடுத்து வையுங்கள். அவன் நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வீட்டில் காட்டாத ஒரு முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்களுக்கும் அவனைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் இருக்கலாம்.