ஆஸ்திரேலியாவில் ஏஜ்ட் கேர் அசெஸ்மென்ட் (முதியோருக்கு என்ன உதவி தேவை என்ற மதிப்பீடு): உங்கள் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, சிட்னியில் எங்களோடு இருக்கிறார். வீட்டு உதவிக்கு எங்கே தொடங்குவது?

பதில்: முதியோர் பராமரிப்புக்கான அரசு சேவை மை ஏஜ்ட் கேர், 1800 200 422. மெடிகேர் அட்டையோடு அழையுங்கள். பக்கத்தில் அம்மாவும் இருக்கட்டும், அவர் சம்மதம் கேட்பார்கள். குடும்ப டாக்டரும் பரிந்துரை அனுப்பலாம். அசெஸ்மென்ட்டுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: மதிப்பிட 'ஏகாட்' (ACAT) குழு வரும் என்கிறார்களே?

பதில்: அது பழைய ஏற்பாடு. 2024 டிசம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே அசெஸ்மென்ட் முறைதான். வீட்டிலேயே உதவி தரும் அரசுத் திட்டமும் மாறிவிட்டது: 2025 நவம்பர் 1 முதல் ஹோம் கேர் பேக்கேஜுக்குப் பதில் சப்போர்ட் அட் ஹோம், அதில் 8 நிலைகள். நண்பர்கள் சொல்லும் நான்கு நிலைக் கணக்கு பழைய பேக்கேஜுக்கு உரியது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: மதிப்பிட வரும் அசெஸ்ஸர் என்ன கேட்பார்? அப்பாவை எப்படித் தயார் செய்வது?

பதில்: குளிப்பது, உடுத்துவது, நடப்பது, சமைப்பது, மாத்திரை, ஞாபகம், மனநிலை, விழுந்திருக்கிறாரா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாம் கேட்பார். பதில்களை ஒரு மதிப்பீட்டுக் கருவியில் பதிவு செய்வார். நிலை அதிலிருந்துதான் வரும். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வெளியாள் வந்தால் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "எனக்கென்ன குறை?" என்பார். ராத்திரி இரண்டு தடவை கைத்தாங்கலாகக் கூட்டிப் போவது நீங்கள்தான், அது பதிவாகாது. மகள் செய்து கொடுப்பதை எல்லாம் "நானே செய்கிறேன்" என்று கணக்கில் சேர்த்துவிடுவார். மிகைப்படுத்த வேண்டாம். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொன்னால் போதும். மருந்துப் பட்டியல், டாக்டர் கடிதங்கள், விழுந்த தேதிகள் கையில் இருக்கட்டும். அப்பா முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அசெஸ்ஸரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

கேள்வி: நானே மொழிபெயர்த்தால் போதாதா?

பதில்: வேண்டாம். சிறுநீர் அடக்க முடியவில்லை என்று எந்தத் தாய் மகன் வாயால் சொல்லவைப்பாள்? நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இலவசம். முதல் அழைப்பையே 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை வழியாகத் தமிழில் பேசலாம்.

கேள்வி: அப்பாவுக்கு பென்ஷன் இல்லை, சொந்த வீடு இருக்கிறது. தகுதி உண்டா?

பதில்: பென்ஷனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். 65 வயதும் உதவித் தேவையும்தான் பார்ப்பார்கள். வருமானம், சொத்துக் கணக்கு தனி. அதை சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசு நிறுவனம் பார்க்கும். அதைப் பொறுத்து உங்கள் பங்குத் தொகை மாறும். நர்ஸ், பிசியோதெரபி போன்ற மருத்துவ சேவைகளுக்குப் பங்கு இல்லை. வீடு துடைப்பது, தோட்ட வேலைக்கு உண்டு.

கேள்வி: அனுமதிக் கடிதம் வந்து மாதங்களாயிற்று, சேவை வரவில்லை.

பதில்: வரிசை இருக்கிறது, அவசரத்தைப் பொறுத்து நகரும். இடையில் அம்மா விழுந்தாலோ, ஆஸ்பத்திரி போய் வந்தாலோ, பார்த்துக்கொள்பவருக்கே முடியாமல் போனாலோ சும்மா இருக்காதீர்கள். மை ஏஜ்ட் கேரை அழைத்து மறுபரிசீலனை கேளுங்கள்.

கேள்வி: நர்சிங் ஹோம் அனுமதியும் வாங்கினால் போய்த்தான் ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. அனுமதி கையில் இருக்கட்டும். கூடவே ரெஸ்பைட்டும் (நர்சிங் ஹோமில் தற்காலிகமாகத் தங்குவது) கேளுங்கள், வருஷத்தில் 63 நாள் வரை தங்கலாம். நீங்கள் ஊருக்குப் போய்வரும்போது உதவும்.