பலகை நீண்டால் பாரம் குறையுமா?

கேள்வி: துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டியைப் பலகை சாய்த்து லோடு ஆட்டோவில் தள்ளி ஏற்றுகிறோம். பெட்டி 60 கிலோ, வண்டித் தளம் இரண்டரை அடி உயரம். ஐந்தடிப் பலகையில் கையை எடுத்தால் பெட்டி கீழே வந்துவிடுகிறது; பத்தடிப் பலகையில் அப்படியே நிற்கிறது. ஏன்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஐந்தடிப் பலகையில் உயரம் நீளத்தில் பாதி. அதனால் எடையில் பாதி, 30 கிலோ, பெட்டியைக் கீழே இழுக்கிறது. பலகையை அழுத்துவது 52 கிலோ. மரத்தின் மேல் பெட்டிக்கு உராய்வுக் கெழு (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகும் என்ற எண்) 0.4 என்று கொண்டால், உராய்வு தாங்குவது 21 கிலோதான். 30-க்கு 21 ஈடாகாது, பெட்டி இறங்கிவிடும். பத்தடியில் கீழிழுப்பு 15 கிலோ, உராய்வால் 23 வரை தாங்க முடியும். பெட்டி நிற்கும்.

மேலே தள்ளும்போது இதே உராய்வு எதிர்ப்பக்கம் சேர்ந்துகொள்ளும். ஐந்தடியில் 30-உம் 21-உம் சேர்ந்து 51 கிலோ. பத்தடியில் 15-உம் 23-உம் சேர்ந்து 38 கிலோ. நீளப் பலகையில் தள்ளும் தூரம் இரட்டிப்பதால் மொத்த உழைப்பு கூடத்தான் செய்யும். ஆனாலும் முதுகைக் காப்பாற்றுவது அந்த 38 தான், ஆகவே பத்தடியையே வைத்துக்கொள்ளுங்கள்.

கெழுவை நீங்களே அளக்கலாம். பெட்டியைப் பலகையில் வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். பெட்டி நழுவத் தொடங்கும்போது தூக்கிய முனையின் உயரத்தைத் தரையோடு அளந்த கிடைத்தூரத்தால் வகுத்தால் அதுதான் கெழு. வெறும் பெட்டியே போதும். எடை கூடினால் இழுப்பும் உராய்வும் ஒரே விகிதத்தில் கூடும். ஆனால் பலகையை நனைத்து, மீன் கோழையோடு அளந்து பாருங்கள். கெழு 0.2-க்கு இறங்கினால் உராய்வு 12 கிலோதான், பத்தடிப் பலகையிலும் பெட்டி திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு லோடுக்கும் முன் பலகையைக் கழுவித் துடையுங்கள். பெட்டிக்கு நேர் கீழே யாரும் நிற்கவே கூடாது. குனிந்து கீழ்நோக்கி அழுத்தித் தள்ளினால் உராய்வு கூடும். மேலிருந்து கயிற்றைச் சற்றே உயர்த்தி இழுத்தால் குறையும். உருளை வைத்தால் சுமார் 17 கிலோவில் வேலை முடியும், ஆனால் பெட்டி தானாக நிற்காது. கயிற்றைக் கட்டாமல் உருளை வேண்டாம்.

கேள்வி: ஆய்வகத்தில் மரக்கட்டை 22 டிகிரியில் நழுவியது. உடனே 20-க்கு இறக்கியும் நிற்கவில்லை. என் அளவீடு தவறா?
– மாணவி, புதுச்சேரி

பதில்: அளவீடு சரி. 22 டிகிரி தருவது நிலை உராய்வுக் கெழு, 0.40. நகரத் தொடங்கியதும் இயக்க உராய்வு வந்துவிடுகிறது, அது குறைவு. கெழு 0.3 என்றால், 20 டிகிரியிலும் கட்டை நொடிக்கு நொடி சுமார் 0.6 மீட்டர் வேகம் கூட்டிக்கொண்டே போகும். 17-க்குக் கீழே இறக்கினால்தான் வேகம் குறைந்து நிற்கும். இயக்கக் கெழுவை அறிய, ஒவ்வொரு கோணத்திலும் கட்டையை லேசாகத் தட்டிவிடுங்கள். சீரான வேகத்தில் இறங்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் விடை. பலகையில் விரல் வியர்வையோ சாக்பீஸ் தூளோ பட்டால் அளவு மாறும். துடைத்துவிட்டு ஐந்து முறை எடுங்கள்.

கேள்வி: கட்டையைக் குறுகிய பக்கத்தில் கிடத்தினால் உராய்வு குறையாதா?
– அதே மாணவி

பதில்: குறையாது. தொடும் பரப்புக்கும் உராய்வுக்கும் தொடர்பில்லை என்று பிரெஞ்சு இயற்பியலாளர் அமோந்தோன் 1699-லேயே பாரிஸில் எடுத்துரைத்தார். உயரமாக நிறுத்தினால் நழுவும் முன் கவிழக்கூடும், அதை மட்டும் கவனியுங்கள்.