சங்க வேலையும் தேர்தலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா பஞ்சாலையில் முப்பது வருடம் தொழிற்சங்கப் பொறுப்பில் இருந்தவர். கடைசியில் கட்சி சொன்னது என்று தேர்தலில் நின்று டெபாசிட் இழந்தார். சங்க வேலையோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். ஆலை மூடியதற்கே சங்கம்தான் காரணம் என்கிறார்கள். அவர் வாழ்க்கை வீண்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆலை மூடிய கதையை ஆலையின் கணக்கைப் பார்த்தவர்கள் பேசட்டும். 'சங்க வேலையோடு நிறுத்தியிருந்தால்' என்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே சென்னைப் பெரம்பூரில் இருந்த பஞ்சாலையான பின்னி ஆலையின் வழக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்று பெரம்பூர்ப் பக்கம் இரண்டு சிறு வியாபாரிகள். பின்னித் தொழிலாளிகள் அவர்களிடம் வந்து குறை சொல்வார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான், அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. திரு.வி.க.விடம் போனார்கள், அன்னி பெசன்ட்டோடு பொதுவேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

1920இல் பின்னி நிர்வாகம், தொழிலாளிகளை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா முதலியோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. வாடியா சங்கத்தை விட்டு விலகிய பிறகுதான் வழக்கு ஓய்ந்தது. தொழிலாளி பக்கம் நியாயம் இருந்தது, சட்டம் இல்லை. அந்தச் சட்டத்தை வாயிற்கூட்டம் போட்டு வாங்கியிருக்க முடியுமா? 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி, சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பதற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்று அது சொன்னது. உங்கள் அப்பா முப்பது வருடம் ஆலை வாசலில் பேசியது அந்தப் பாதுகாப்பில்தான். யாரோ சட்டசபைக்குப் போனதால் கிடைத்த பாதுகாப்பு அது. அவரும் போகப் பார்த்தார், ஓட்டு விழவில்லை. இதில் மரியாதை எங்கே போயிற்று? போனது உங்கள் கண்ணில் மட்டும்தான். எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்குச் சம்பள நாளில் ஒரு சங்கக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு வருவார். சந்தா தர முடியாது என்று முகத்தைத் திருப்பியவர் வீட்டிலும் உட்கார்ந்து பிஎஃப் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அவரை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

உங்கள் அப்பா எத்தனை பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? டெபாசிட் கணக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். தேர்தலைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். முதல் வாயிற்கூட்டத்தில் என்ன பேசினார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள், எனக்கும் அனுப்புங்கள்.